சுண்டெலியாகவே இருந்துவிட்ட பையன்: கடலூர் வாசிப்பு வட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கான வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர், மற்றவர்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர். நடத்துவது நானும் ஒரு தோழியும். நான் பள்ளி ஆசிரியை. தோழி உளவியல் படித்துவிட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருப்பவர். ஒரு நாவலை எடுத்துக்கொண்டு வாரம் ஓர் அத்தியாயம் வீதம் படித்துச் சொல்வோம். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் வாசித்துக்கொண்டே தமிழில் சொல்லிவிடுவோம். முடிந்த பிறகு, படம் வந்திருந்தால் அதையும் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2024 ஆகஸ்டில் தொடங்கி 2025 கோடை வரை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளோடு இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இதில் முக்கியமானவன் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அம்மா அப்பா இருவரும் ஒரே சாலை விபத்தில் இறந்துவிட்டார்கள். அப்பாவைப் பெற்ற ஆயாதான் வளர்க்கிறார். கருவாடு விற்று வரும் வருமானம்தான் குடும்பத்துக்கு. பையன் நன்றாகப் படிப்பான், கேட்டால் பதில் சொல்வான். தானாக எதுவும் கேட்கமாட்டான்.

புத்தகத்தை மறுபடி படித்தபோது

அந்த முறை நாங்கள் எடுத்துக்கொண்டது ரோல்ட் டால் எழுதிய 'தி விட்ச்சஸ்'. 1983-இல் வந்த நாவல். குவென்டின் பிளேக்கின் கோட்டுச் சித்திரங்களோடு இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது ஒரே மூச்சில் படித்திருந்தேன். அப்போது மனசில் தங்கியது ஹோட்டல் காட்சி மட்டும்தான்: இங்கிலாந்தின் கடற்கரை ஊரான போர்ன்மவுத்தில் ஒரு பெரிய ஹோட்டல், அதன் கூடத்தில் நாட்டிலுள்ள சூனியக்காரிகள் அத்தனை பேரும் கூடி, கதவைப் பூட்டிக்கொண்டு, விக்கைக் கழற்றி வழுக்கைத் தலையைச் சொறிந்துகொள்வார்கள். ஒரு பையன் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்ப்பான். பிடிபடுவான். சுண்டெலியாக்கப்படுவான்.

வட்டத்துக்காக மறுபடி படித்தபோது என் கண் வேறு இடத்தில் நின்றது. இந்தக் கதையைத் தூக்கிப் பிடிப்பது அந்தப் பையனின் பாட்டி. நார்வேக்காரர், சுருட்டுப் பிடிப்பவர், ஒரு கையில் கட்டைவிரல் இல்லாதவர். அது எப்படிப் போனது என்று கடைசி வரை சொல்லமாட்டார். பையனுக்கு ஏழு வயதாகும்போது ஓஸ்லோவுக்கு வடக்கே பனி உறைந்த சாலையில் கார் உருண்டு அம்மா அப்பா இறந்துவிடுகிறார்கள். பின் இருக்கையில் பெல்ட் போட்டிருந்த அவனுக்கு நெற்றியில் ஒரு வெட்டு மட்டும். இவ்வளவையும் டால் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார். அன்றிரவு முழுக்கப் பாட்டியும் பேரனும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். துக்கத்தை மறக்கத்தான் பாட்டி அப்புறம் சூனியக்காரிக் கதைகளை எடுக்கிறார். ஓவியத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சிறுமி வருஷா வருஷம் அந்த ஓவியத்துக்குள்ளேயே வயதாகிக்கொண்டு போவாளே, அந்தக் கதையும் அதில் ஒன்று. பயங்காட்டும் கதை ஒன்று துக்கத்துக்கு மருந்தாக வருவதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவே இல்லை.

முடிவும் அப்படித்தான். சூனியக்காரிகளின் மருந்தை அவர்களுடைய சூப்பிலேயே கலந்து எல்லோரையும் எலியாக்கிவிடுகிறான் பையன். ஆனால் அவன் திரும்ப மனிதனாவதில்லை. எலியாகவே இருக்கிறான். தான் எத்தனை நாள் உயிரோடு இருப்பேன் என்று பாட்டியிடம் கேட்கிறான். எலி மனிதன் என்பதால் சாதாரண எலியைவிட அதிகம், ஏறக்குறைய ஒன்பது வருஷம் இருப்பாய் என்கிறார் பாட்டி. பாட்டிக்கு அப்போது 86 வயது. பையனுக்குச் சந்தோஷம். பாட்டி போன பிறகு அவன் தனியாக இருக்க வேண்டியதில்லையே!

சிறுவர் நாவலில் இந்த உரையாடலை எழுத ஒரு தைரியம் வேண்டும். அந்த வருஷத்து விட்பிரெட் விருது (பிரிட்டனின் இலக்கிய விருது) இதற்குக் கிடைத்தது சும்மா இல்லை. அதே சமயம், அமெரிக்க நூலகங்களிலிருந்து இதை எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. சூனியம் பற்றிய கதை என்பது ஒரு புகார், பெண்களை மோசமாகக் காட்டுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். ஏன் என்பது கீழே வருகிறது.

ஆயாவிடம் கேட்டது

விபத்தில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பையன் கதையில் இருக்கிறான். வட்டத்திலும் இருக்கிறான். அதனால் தொடங்குவதற்கு முன்பே ஆயாவைப் பார்க்கப் போனோம். வேறு புத்தகம் எடுத்துக்கொள்வது எங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு, கதையை முடிவு வரை அவரிடம் சொன்னோம்.

ஆயா சென்னாக்குனிக் கருவாட்டைச் சுளகில் புடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அவன் அதப் பத்தி வாயத் தொறக்கறதே இல்லம்மா. நானும் எடுக்கறதில்ல. கதையில வந்தா வரட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கெழவி சுருட்டு குடிக்கறத மட்டும் சொல்லாதீங்க" என்றார். சுருட்டை விட்டுவிட்டோம்.

கையுறையும் மொட்டைத் தலையும்

முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் போயின. சூனியக்காரியைக் கண்டுபிடிக்கக் கதையில் சில அடையாளங்கள் உண்டு: எப்போதும் கையுறை போட்டிருப்பாள், ஏனென்றால் நகத்துக்குப் பதில் வளைந்த கூர்நகங்கள், வழுக்கைத் தலையை விக்கால் மறைத்திருப்பாள், கால்விரல் இருக்காது, எச்சில் நீலமாக இருக்கும். மற்றபடி பக்கத்து வீட்டு அம்மா மாதிரியேதான் இருப்பாள்.

கடலூர் வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் முழங்கை வரை கையுறை போட்டு, முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு போகிறவர்கள். திருவந்திபுரம் கோயில் பக்கத்தில் இருப்பதால் மொட்டை போட்டுக்கொண்டு வரும் பெண்களும் சகஜம். பிள்ளைகள் மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களை எண்ண ஆரம்பித்தார்கள். இதை விளையாட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டோம். அக்டோபரில் ஒரு நாள், அதே தெருவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நடந்து போனபோது பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த அத்தியாயத்தை நிறுத்தினோம். எங்களிடம் இரண்டு பதிப்புகள் இருந்தன. என்னுடையது பழையது. தோழியுடையது 2023-க்குப் பிறகு அச்சானது. அந்த வருஷம் பஃபின் பதிப்பகம் டாலின் புத்தகங்களில் பல இடங்களைத் திருத்தியது, அதைப் பற்றிப் பெரிய விவாதமும் நடந்தது. இந்த நாவலில், பெண்கள் விக் வைத்துக்கொள்ள வேறு காரணங்களும் இருக்கும், அதில் தவறில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். தோழி அதைத்தான் வாசித்துக் காட்டியிருந்தார். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் தெருவில் எண்ணுவதை நிறுத்தவில்லை. கதை ஓடுகிற வேகத்தில் அறிவுரையாக ஒரு வரி வந்தால் அது நிற்பதில்லை. இது என் அபிப்பிராயம்.

நின்றது வேறு வழியில். கையுறை போடுகிற, மொட்டை போட்ட, சவுரி வைக்கிற பெண்கள் உங்களுக்குத் தெரிந்து யார் யார் என்று கேட்டோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்கம்மாவே போடறாங்கக்கா, கை கறுத்துடும்னு" என்றாள். இன்னொருவனுக்குப் பெரியம்மா, ஒருத்திக்கு அவள் டீச்சர். சொல்லச் சொல்ல எல்லோர் வீட்டிலும் ஒருத்தர் வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நம் நாட்டிலேயே சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை, பெரும்பாலும் தனியாக வாழ்கிற, வயதான பெண்களை, அடித்துக் கொல்கிறார்கள் என்பதையும், அதைத் தடுக்கப் பீகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்ததையும் சொன்னேன். பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடிச் சுவர் விளையாட்டு அதோடு நின்றது.

இந்த வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. பாட்டிக்குக் கட்டைவிரல் இல்லை என்ற இடம் வந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "எங்கப்பாவுக்கும் ரெண்டு வெரல் இல்லக்கா. போட்ல இருக்கற வின்ச்சுல மாட்டிக்கிச்சு" என்றாள். குரலில் பெருமைதான் இருந்தது. கதையிலேயே நல்லவரான ஆளுக்கு விரல் இல்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

புயல், இடைவெளி, படம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. வட்டம் நின்றுபோனது. சில பிள்ளைகள் வீட்டில் புத்தகப்பையே போய்விட்டது. கதை, சூப்பில் மருந்து கலக்கிற இடத்தில் நின்றது.

டிசம்பர் கடைசியில் மறுபடி கூடியபோது யாருக்கும் உட்கார்ந்து கேட்கிற மனநிலை இல்லை. புரொஜெக்டர் கிடைத்திருந்தது. அதனால் புத்தகம் முடிவதற்கு முன்பே படத்தைப் போட்டோம். 1990-இல் நிக்கோலஸ் ரோக் இயக்கிய படம். அஞ்செலிகா ஹூஸ்டன் தலைமைச் சூனியக்காரி. எலிகளும் முகமூடிகளும் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறை செய்தவை. கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலம். ஹூஸ்டன் முகத்தைப் பிய்த்துப் போடுவது போலக் கழற்றும் காட்சியில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அப்புறம் திரும்பப் போடச் சொன்னார்கள். பயத்தை அவர்கள் எவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

புத்தகத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்களில் மூன்று இந்த நிகழ்வுக்குத் தேவை.

ஒன்று, வரிசை. படத்தில் அம்மா அப்பா உயிரோடு இருக்கும்போதே பாட்டி சூனியக்காரிக் கதைகளைச் சொல்லிவிடுகிறார். விபத்து பிறகுதான். அதனால் கதை அங்கே வெறும் முன்னறிவிப்பு, தூங்கப்போகும் நேரத்துப் பொழுதுபோக்கு. துக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் கொம்பாக அது இல்லை.

இரண்டு, நோய். கடற்கரை ஊருக்குப் போகக் காரணம் புத்தகத்தில் பாட்டிக்கு வந்த நிமோனியா. படத்தில் சர்க்கரை நோய்.

மூன்று, முடிவு. படத்தில் தலைமைச் சூனியக்காரியின் உதவியாளராக இருந்த பெண் மனம் மாறி வந்து பையனைத் திரும்ப மனிதனாக்கிவிடுகிறாள். அவனுடைய மூக்குக்கண்ணாடி, வளர்ப்பு எலிகள் எல்லாமே திரும்பக் கிடைத்துவிடுகின்றன. இந்த முடிவை டால் வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்த வருஷமே அவர் இறந்தும் போனார்.

பையன் மனிதனான இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆயாவிடம் வளரும் நம் பையன் தட்டவில்லை. விளக்குப் போட்ட பிறகு, வட்டத்தில் முதல் தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அந்தப் பாட்டிக்கு சுகர் இருக்குல்ல?"

"ஆமா."

"அப்போ இவன் பெரியவனாகறதுக்குள்ள அவங்க செத்துடுவாங்கல்ல? அப்புறம் இவன் எங்க போவான்?"

இன்னொரு பையன், "டேய், அதான் மனுஷனாயிட்டான்ல" என்றான். இவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவனுடைய ஆயாவுக்கும் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். எங்களுக்கு அது தெரியும்.

படத்தை எடுத்தவர்கள் பிள்ளைகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்துத்தான் அந்த முடிவை வைத்திருப்பார்கள். ஆனால் பையனுக்கு முழு ஆயுசைத் திருப்பிக் கொடுத்ததும், பாட்டி இல்லாத வருஷங்கள் அத்தனையும் அவன் முன்னால் வந்து நிற்கின்றன. அதைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெரியவர்கள் கவனிக்காத அந்த ஓட்டையை இந்தப் பையன் உடனே பார்த்துவிட்டான்.

அடுத்த வாரம்

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனோம். பையன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆயா சொன்னார்: "ராத்திரியில எழுந்து என் மூக்குக்குக் கீழ வெரல வெச்சுப் பாக்கறான்ம்மா. மூச்சு வருதான்னு. நான் தூங்கற மாதிரியே கெடப்பேன்."

படம் பார்த்ததாலா என்று கேட்டேன். "இல்லம்மா. ரொம்ப நாளாச் செய்யறான். மாத்தர அட்டைய எண்ணி வெக்கறான். கேட்டா ஒண்ணுமில்லங்கறான்."

அவனுடைய பயத்தைப் படம் உண்டாக்கவில்லை. அதைக் கேள்வியாக வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்துவிட்ட கேள்வியை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

என்ன செய்வது என்று யோசித்தது

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. புத்தகத்தை அதோடு நிறுத்திவிடுவது. கடைசி அத்தியாயத்தைப் படத்தின் முடிவு போலவே மாற்றிச் சொல்லிவிடுவது. அல்லது, உள்ளதை உள்ளபடி வாசிப்பது.

தோழிக்கு மூன்றாவதில் பெரிய தயக்கம். பாட்டியோடு சேர்ந்து சாகப்போவதில் ஒரு பையன் சந்தோஷப்படுகிற அத்தியாயம் அது. துக்கத்தில் இருக்கிற பிள்ளை அதை ஒரு விருப்பமாக எடுத்துக்கொண்டால்? அவர் பயந்தது நியாயம். இதை வெறும் இலக்கியக் கேள்வியாக நினைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

எனக்கு மற்ற இரண்டு வழிகளிலும் தயக்கம் இருந்தது. நிறுத்திவிட்டால், தான் கேட்ட கேள்வியால்தான் புத்தகம் நின்றது என்று பையன் நினைப்பான். இனிமேல் கேட்கமாட்டான். மாற்றிச் சொன்னால், என்றைக்காவது புத்தகத்தை அவனே எடுத்துப் படிப்பான், நாங்கள் சொன்னது பொய் என்று தெரியும்.

கடைசியில் எடுத்த முடிவு இது. முதலில் தோழி பையனைத் தனியாகப் பார்த்துப் பேசுவது. சாவதைப் பற்றி நினைக்கிறாயா என்று நேராகவே கேட்பது. அப்படிக் கேட்பது அந்த நினைப்பைப் புதிதாக விதைத்துவிடாது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவன் பதிலைப் பொறுத்து, வாசிப்பதா வேண்டாமா என்று பார்ப்பது. வாசிப்பதானால் ஆயாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். பதில் கவலை தருவதாக இருந்தால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது.

தோழி அவனோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டே பேசினார். சாக வேண்டும் என்றெல்லாம் நினைப்பதில்லை என்றான். அவன் நினைப்பது வேறு. ஆயா போய்விட்டால் தன்னை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவார்கள், பள்ளிக்கூடம் மாறிவிடும், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா அம்மா இறந்த வீட்டில் கூடியிருந்த பெரியவர்கள் யாரோ, பையனை விடுதியில் சேர்ப்பதைப் பற்றி அவன் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு அவனோடு இத்தனை நாள் இருந்திருக்கிறது.

கடைசி அத்தியாயம்

பொங்கல் முடிந்த ஞாயிறு ஆயா வந்தார். நாற்காலி கொடுத்தும் வேண்டாம் என்று பாயிலேயே பேரன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன்.

ஒன்பது வருஷம் என்ற இடம் வந்ததும் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். 86-ஓடு ஒன்பது. சில பேருக்கு வருத்தம், ஒருத்திக்குக் கோபம். படம்தான் நன்றாக இருந்தது என்றாள். நம் பையன், "இதுதான் சரி" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் கேட்டான், பாட்டி சொன்னாங்க" என்றான்.

இந்தப் பதிலைப் பலமுறை யோசித்துவிட்டேன். முடிவு சோகமா சந்தோஷமா என்பதை அவன் பார்க்கவில்லை. எத்தனை வருஷம் என்று பையன் வாய்விட்டுக் கேட்கிறான், பெரியவர் மழுப்பாமல் பதில் சொல்கிறார். அவனுக்குப் பிடித்தது அதுதான்.

அப்போது ஆயா பேசினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. "அந்தக் கெழவி சொன்னது எனக்குப் புடிக்கல. கூடவே சாவறதுக்கு ஒரு புள்ளைக்கு என்ன தலையெழுத்தா? நானா இருந்தா வேற சொல்லுவேன்." பேரனைப் பார்த்து, "நான் இருக்கற வரைக்கும் நான் பாப்பேன். அப்புறம் ஒன் அத்த பாப்பா. நான் அவகிட்டப் பேசிட்டேன். நீ எங்கயும் ஹோமுக்குப் போவமாட்ட. வீடு ஒனக்குத்தான்" என்றார்.

அத்தை பண்ருட்டியில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அவரிடம் ஆயா உண்மையிலேயே முன்கூட்டிப் பேசியிருந்தார். பேரனிடம்தான் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறார்.

பையன் அழவில்லை. "அத்த வீட்டுக்கா, இல்ல அத்த இங்க வருமா?" என்று கேட்டான். ஆயாவுக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நாவல் தருகிற விடையை ஆயா ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை, ஒரு பிள்ளையின் ஆயுசு பாட்டியின் ஆயுசோடு முடியட்டும் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்தக் கேள்வியைப் புத்தகம் சத்தமாகக் கேட்டுவிட்டதால்தான் ஆயாவால் எழுந்து மறுக்க முடிந்தது. படத்தின் முடிவில் மறுக்க எதுவுமே இல்லை.

2020 படம்

பிள்ளைகளில் சிலர் இன்னொரு படம் இருக்கிறதாமே என்றார்கள். ராபர்ட் ஜெமெக்கிஸ் 2020-இல் எடுத்தது. கதையை அமெரிக்காவின் அலபாமாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாட்டியாக ஆக்டேவியா ஸ்பென்சர், தலைமைச் சூனியக்காரியாக ஆன் ஹாத்தவே. இதில் பையன் எலியாகவே இருக்கிறான். அந்த வகையில் புத்தகத்துக்கு நெருக்கம். வருஷங்கள் கழித்து, வயதான எலியாக, பிள்ளைகளுக்குச் சூனியக்காரிகளைப் பற்றி வகுப்பெடுப்பதோடு முடிகிறது.

ஆனால் நாங்கள் முதலில் தனியாகப் பார்த்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டோம். புத்தகத்தில் சூனியக்காரிகளுக்குக் கூர்நகங்கள்தான். இந்தப் படத்தில் கையில் விரல்களே குறைவு, நடுவில் பிளந்த மாதிரி மூன்று விரல். பிறவியிலேயே கைவிரல் குறைவாக உள்ளவர்கள் உலகம் முழுக்க இதைக் கண்டித்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. டால் நல்லவரான பாட்டிக்குக் கட்டைவிரல் இல்லாமல் எழுதினார். படம் அந்தக் குறையைக் கொண்டுபோய்ப் பொல்லாதவர்களின் அடையாளமாக வைத்துவிட்டது. அப்பாவின் இரண்டு விரலைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன சிறுமி எங்கள் வட்டத்தில் இருக்கிறாள். முழுப் படத்தைப் போடவில்லை. கடைசி சில நிமிடங்களை மட்டும் காட்டினோம், மீதியை ஏன் காட்டவில்லை என்பதையும் சொன்னோம். அவள், "எங்கப்பா பாத்தா சிரிப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் நடந்தது

பிப்ரவரியில் அத்தையும் அவர் கணவரும் வந்து ஆயா வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பையனும் கூட இருந்தான். எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளி மாறாது, கோடை விடுமுறையில் பண்ருட்டியில் தங்கிப் பழக வேண்டும், ஆயாவுக்கு முடியாமல் போனால் அத்தைதான் பாதுகாவலர் என்று பேசி முடித்தார்கள். பள்ளியில் இரண்டாவது தொடர்புக்கு அத்தையின் எண்ணைக் கொடுத்தார்கள். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஆயா பேரனுக்குக் காட்டினார்.

பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பது குடும்பத்துக்குத் தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க உதவினோம். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை எழுதும்போது பணம் இன்னும் வரத் தொடங்கவில்லை.

மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது உடனே நின்றுவிடவில்லை. ஏப்ரலில் கேட்டபோது, "எப்பவாச்சும்" என்றார் ஆயா. மாத்திரை எண்ணுவது தொடர்கிறது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றார் தோழி. இப்போது வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை என்று ஆயாவே ஒப்படைத்துவிட்டார். தோழி மாதம் ஒருமுறை அவனோடு பேசுகிறார்.

இனி மாற்றப்போவது

சாவும் பிரிவும் வருகிற கதைகளை வட்டத்திலிருந்து எடுத்துவிடப் போவதில்லை. அதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருக்கிறோம். நடத்துகிற முறையில் சில மாற்றங்கள் வரும்.

புத்தகம் முடிந்த பிறகுதான் படம். இடையில் மழை, தேர்வு எது வந்தாலும் இந்த வரிசை மாறாது. முடிவை மாற்றிய படம் முன்னால் வந்துவிட்டால், புத்தகத்தின் முடிவு ஒரு தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது.

படம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் அதே இடத்தில் பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் பையனின் கேள்வி மட்டும் எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில் வந்திருந்தால் சத்தத்தில் போயிருக்கும்.

சூனியக்காரி, பேய், பிசாசு வருகிற கதை என்றால், முதல் நாளே நிஜத்தில் பெண்கள்மேல் அந்தப் பட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பேசிவிட்டுத் தொடங்குவோம். தெருவில் யாராவது நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டி முழுக் கதையும் சொல்வது தொடரும். ஆயாவிடம் சொன்னது உதவியது. இனி அதோடு ஒரு கேள்வியும் சேரும்: உங்களுக்கு அப்புறம் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று முடிவு செய்திருக்கிறீர்களா, அதைப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களா? பாட்டி தாத்தாவிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் வட்டத்திலேயே இன்னும் இருக்கிறார்கள். இரண்டு வீடுகளில் கேட்டுவிட்டோம். இரண்டிலும் முடிவு செய்திருக்கிறார்கள், பிள்ளைக்குத்தான் தெரியாது. மற்ற வீடுகளுக்கு ஜூனில் பள்ளி திறந்ததும் போகிறோம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பாதுகாப்பு அலகின் விண்ணப்பத்தையும் கையோடு எடுத்துப் போவதாக இருக்கிறோம்.